ஐந்தாம் படியில் பிளக் பாயிண்ட்

எரிவாயு மயானத்துக் காத்திருப்பு அறையில்
ஒரு சுவர் முழுக்க மனுச வாழ்க்கை.
இடக்கோடியில் தொட்டில், வலக்கோடியில் பாடை,
நடுவே ஒன்பது படி
ஏறி இறங்கும் பாலம் மாதிரி.
கீழே உபயம் என்று
ஒரு நூற்பாலைக்காரர் பெயர், அவர் அப்பா பெயர்,
தாத்தா பெயர்.
ஆளுக்கு ஆன பெயிண்டைவிட
பெயர்களுக்கு ஆனது அதிகம்.

டோக்கன் நாலு.
"முக்கா மணி நேரமாகுமுங்க, ஃபேனடியில உக்காருங்க"
என்கிறான் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் பையன்.
பொம்பளைகளும் இங்கே வரலாமென்றாகி
எத்தனை வருசமோ,
நான் இன்றைக்குத்தான் வருகிறேன்.
பார்ப்பதற்கு ஒரு படம் இருக்குமென்று
யாரும் சொல்லவில்லை.

தவழ்கிறவனுக்கு அரைஞாண் கயிறு சரியாக இருக்கிறது.
இரண்டாம் படியில் சிலேட்டு.
மூன்றில் அதே முகம், மீசை மட்டும் புதுசு.
வரைந்தவனுக்கு ஒரு முகம்தான் வரும்போல.
நாலாம் படியில் கல்யாணம்.
பக்கத்தில் தலைகுனிந்து ஒருத்தி.
ஐந்தாம் படிக்கு அவள் வரவில்லை.
ஆறிலும் இல்லை.
ஒன்பதில் அவன் தனியாகக் கம்பூன்றி இறங்குகிறான்.

நல்லசிவத்தின் பெண்டாட்டியும் வரவில்லை.
திருச்செங்கோட்டு வீட்டில்
தலைக்குத் தண்ணீர் ஊற்றி
மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நாலாம் படியில் நானும் இருந்தேன்.
படத்தில்தான் இல்லை.
தம்பிக்கு இணைச்சீர் செய்தவள்;
கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம்,
மறு தலைப்பு என்னிடம்.
"காலு வலிக்குதக்கா, எப்ப முடியும்?" என்று
காதுக்குள் கேட்டுக்கொண்டே நின்றான்.
மஞ்சள் பூசியும்
நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை.

ரிக் வண்டிக்காரனுக்குப்
படி என்றால் இறங்குவதுதான்.
ராடுக்கு இருபதடி.
செம்மண், சுக்காம்பாறை, அப்புறம் கருங்கல்.
மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டிலிருந்து
ராத்திரி பேசினான்:
"ஆயிரத்து நூறுலயும் புகைதானக்கா.
நிறுத்துன்னு சொல்ல அந்த ஆளுக்கு மனசில்ல,
இன்னொரு ராடு போடுன்னு சொல்லக் காசில்ல.
கையக் கூப்பிக்கிட்டே நிக்கிறான்,
என்னையா, குழியையான்னு தெரியல."

ஐந்தாம் படிதான் உச்சி.
கையில் பெட்டி, நிமிர்ந்த நெஞ்சு,
வயிற்றுக்கு நேராக
எலக்ட்ரீசியன் வைத்த பிளக் பாயிண்ட்.
அதில் தொங்கிச் சார்ஜ் ஏறுகிறது
நல்லசிவத்தின் போன்.
யார் சொருகினார்களோ. மச்சினனாக இருக்கும்.
நாற்பத்தொன்று இவனுக்கு, தை வந்தால் நாற்பத்திரண்டு.
ஆறாம் படியில் ஓதம் ஏறிச்
சுண்ணாம்பு பொரிந்து கிடக்கிறது.
அங்கே நிற்பவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

போன் அடித்தது.
வயிற்றில் வெளிச்சம் வந்து வந்து போனது.
ஆம்பளைகள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்,
ஒருத்தரும் எழவில்லை.
நான் எடுத்தேன்.
வயர் நீளமில்லை. சுவரோடு ஒட்டி,
படத்துக்காரன் நெஞ்சில் நெற்றி படுகிற மாதிரி நின்றேன்.

"அண்ணா, பாயிண்ட் பாத்தாச்சுங்ணா,
தேங்கா நட்டமா நின்னுருச்சு.
வண்டி எப்ப வருதுங்?"

"எந்த ஊருங்க?"

"காங்கயத்துக்கு மேக்காலைங்க்கா.
தென்னை பூராவும் கொண்டை சாஞ்சு நிக்குது."

வராது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.
"அக்கம்பக்கத்துல எத்தனையடியில
தண்ணிங்க?" என்று வந்தது.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.
கெழக்காலத் தோட்டத்தில் எண்ணூறு,
பங்காளி காட்டில் தொள்ளாயிரத்து நாற்பது, அதுவும்
ஒரு வருசம் வந்து நின்றுபோனது,
கோயிலோரம் ஒருத்தருக்கு
நானூற்றைம்பதிலேயே பீச்சிக்கொண்டு அடித்ததாம்.

ஜன்னல் பையன் டோக்கன் நாலு என்றான்.
மறுபடியும் சொன்னான்.

"ம், சொல்லுங்க" என்றேன்.